விதையும் சாவடியும்

பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குத் தெற்கே மர்த்தியாக் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஷத்தோ ஸ்மித் ஓ லஃபித் தோட்டத்தில் 1993ஆம் ஆண்டின் திராட்சை அறுவடையின்போது நிகழ்ந்த ஒரு சிறு காட்சியே, மத்தில்ட் தொமா 2015இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி பிரெஞ்ச் பியூட்டி சொல்யூஷன்' என்னும் நூலின் உயிர்நாடி. போர்தோ பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் ஜோசப் வெர்கொதெரன் தோட்டத்தைப் பார்க்க வருகிறார். சாறு பிழிந்தபின் ஒதுக்கப்பட்ட விதைக் குவியலைச் சுட்டி, நீங்கள் எறிவது பெரும் செல்வம் என்கிறார். அவ்விதைகளில் உள்ள பாலிஃபீனால்கள் தோல் முதுமையடைவதைத் தாமதப்படுத்த வல்லவை என்பது அவர் கருத்து. இரண்டே ஆண்டுகளில், 1995இல், மத்தில்டும் அவர் கணவர் பெர்த்ராந்தும் 'கொதாலி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

கதை சொல்லும் முறையில் இந்நூல் வெற்றி பெறுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எள்ளைப் பிழிந்தவன் புண்ணாக்கை எறிவதில்லை என்பதை அறிந்த நமக்கு, சக்கையில் மதிப்பைக் கண்ட அந்தக் கண் உடனே பிடித்துப்போகிறது. 'கொதாலி' என்ற பெயரும் அழகானது. மதுவை விழுங்கியபின் அதன் சுவை வாயில் தங்கும் நேரத்தை அளக்கும் அலகு அது. ஒரு வினாடி, ஒரு கொதாலி. மது வணிகத்தை விட்டு அழகுப் பொருளுக்குச் சென்றவர், மதுவின் சொல்லையே கையோடு எடுத்துச் சென்றிருக்கிறார்.

ஆனால் அக்காட்சியில் மூவரே நிற்கிறார்கள்: பேராசிரியரும் இளம் தம்பதியரும். குவியலைக் குவித்த கைகள் அதில் இல்லை. தோட்டம் வந்த வழியும் நினைவில் வைக்கத் தக்கது. ஒரு காலத்தில் பிரெஞ்சு பனிச்சறுக்கு அணியில் இருந்த பெற்றோர் தானியேல், ஃப்ளோரன்ஸ் கத்தியார், அங்காடிகளை விற்ற பணத்தில் 1990இல் வாங்கிய தோட்டம் அது. ஏழை உழவன் வீட்டுக் கண்டுபிடிப்பு அன்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு நிறுவனமாக வளர இரண்டே ஆண்டுகள் போதியதற்கு அம்முதலீடும் ஒரு காரணம் என்றே சொல்கிறேன்.

அடுத்த கட்டம் 1999. அதே தோட்டத்தருகில் மத்தில்டின் தங்கை அலிசும் அவர் கணவரும் நடத்தும் தங்கும் விடுதி எழுந்தது. அதனோடு சேர்ந்து, ஐந்நூறு மீட்டருக்கும் கீழான ஆழத்திலிருந்து வரும் வெந்நீரும் திராட்சை விதையும் கொண்டு உடலைப் பேணும் நிலையமும் திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'வினோதெராப்பி'. இந்தச் சொல்லில்தான் எனக்குத் தயக்கம். சிகிச்சை என்றால் நோயாளி ஒருவர் இருக்க வேண்டும். இங்கு வருபவர் நோயாளியல்லர், விருந்தினர். புலம்பல் இல்லாத சிகிச்சை, காயம் இல்லாத கட்டு!

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். பின்பு அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், பேணும் செலவைத் தாமே ஏற்றார். மது, விருந்தோம்பல், உடல்நலம் ஆகிய மூன்றும் அங்கு ஒரே கதையில் நிற்கின்றன. மர்த்தியாக்கிலும் அதே மூன்றும் நிற்கின்றன. வேறுபாடு, பணம் கொடுப்பவர் யார் என்பதில்தான்.

இவ்வேறுபாட்டைக் காண பிரான்சை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. பர்கண்டிப் பகுதியின் போன் நகரில் நிக்கொலா ரொலேனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும் 1443இல் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினர். நூற்றாண்டுகளாக மக்கள் அதற்குத் திராட்சைத் தோட்டங்களைக் கொடையளித்தனர். 1859 முதல் அத்தோட்டங்களின் மது ஏலம் விடப்பட்டு வருகிறது. குடிப்பவனின் பணம் கிடப்பவனின் கட்டிலுக்குச் சென்றது. பழைய கட்டடத்திலிருந்து நோயாளர் 1971இல் புதிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். இன்று அது அருங்காட்சியகம்.

அறிவியலைப் பற்றி ஒரு சொல். 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, கொழுப்பு உண்டும் பிரெஞ்சுக்காரர்க்கு இதய நோய் குறைவு என்ற 'பிரெஞ்சு முரண்'பற்றிப் பேசியபின், சிவப்பு மது மருந்தாகவே புகழப்பட்டது. ஒரு லிட்டர் மதுவில் ரெஸ்வெரட்ரால் சில மில்லிகிராம்தான். மது தொடர்பான உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, தீங்கற்ற அளவு என்று எதையும் வரையறுக்க முடியாது என்றது. அந்தப் புகழ் மங்கிய காலத்தில், திராட்சையின் நன்மையை மயக்கமின்றித் தோலுக்குத் தரலாம் என்ற எண்ணம் எவ்வளவு வசதியானது! மதுவின் கவர்ச்சி இருக்கிறது, மதுவின் பாரம் இல்லை. குவளையைவிட்டுப் புட்டிக்குச் சென்ற திராட்சை எவர் குடும்பத்தையும் அழிக்கவில்லை. இது சிறிய நன்மையன்று. குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்தவர்க்கு அதன் எடை தெரியும்.

ஆகவே மத்தில்டின் பயணத்தை நான் பழிக்கவில்லை. உடலைத் தண்டிக்காமல் இன்பத்தோடு பேண வேண்டும் என்ற அவர் கருத்து, உடலை வெறுக்கப் பழகிய நமக்கும் தேவையானதே. என் குறை வேறு. போன் மருத்துவமனையின் நீண்ட கூடத்தில் கட்டில்கள் இரு வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து பார்க்கக் கூடத்தின் ஒரு முனையில் சிற்றாலயப் பீடம் இருக்கிறது. அந்தக் கட்டிலில் கிடந்தவரின் பெயர் ஒருபோதும் பட்டியலில் விலையோடு எழுதப்பட்டதில்லை. மர்த்தியாக்கில் ஒரு நாள் தங்குவதற்கு விலைப்பட்டியல் உண்டு.