வாசலில் நின்ற ஜாகா

ரொமான்டிக் காமெடியில் அரசியல் தேடாதே என்பவர்களின் கடுப்பு எனக்குப் புரிகிறது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவனிடம் போய் "இதில் சிறுபான்மையினர் எங்கே?" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும். 2018இல் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' வந்தபோது என் நண்பர்களில் பாதிப் பேர் சொன்னது இதுதான்: "படத்த படமா பாரு லா." மீதிப் பேர் எதிர்க்கட்சி. கதை நடப்பது சிங்கப்பூரில், ஆனால் மாநிறத்தில் வருபவர்கள் காவலாளியும் வேலையாளும் மட்டுமே, ஆகவே இது இனவாதப் படம். தீர்ப்பு முடிந்தது, கேஸ் குளோஸ்.

இரண்டு கட்சியிலும் என்னால் சேர முடியவில்லை.

காதல் நகைச்சுவை என்ற வடிவமே ஒரு தடையின் மேல்தான் நிற்கிறது. இரண்டு பேர் சேர வேண்டும், ஏதோ ஒன்று குறுக்கே வர வேண்டும். அது காசாக இருக்கும், சாதியாக, இனமாக, மதமாக இருக்கும். இல்லையென்றால் இவை எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாக ஒரு மாமியார் இருப்பார். அதை எடுத்துவிட்டால் பத்தாவது நிமிஷத்தில் கல்யாணம், படம் முடிந்தது. ஆக, அரசியலை விமர்சகன் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிப்பதில்லை. கதையை நகர்த்துவதே அதுதான்.

ஜான் எம். சூ இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறார். மாஜோங் காட்சியைப் பாருங்கள். ரேச்சல் நியூயார்க்கில் கேம் தியரி கற்பிக்கும் பேராசிரியை. தனியாளாக அவளை வளர்த்த ஒரு குடியேறியின் மகள். எதிரில் காதலனின் அம்மா எலினார், நம்ம ஈப்போ மிஷெல் யோ. தன்னை ஜெயிக்க வைக்கும் காயை ரேச்சல் தெரிந்தே எலினாருக்கு விட்டுக்கொடுக்கிறாள். அதே ஆட்டத்தில்தான், நிக் மோதிரம் நீட்டியதையும் தான் மறுத்ததையும் சொல்கிறாள். அவன் அம்மாவை இழந்துவிடக் கூடாது என்பதற்காக மறுத்தாளாம். தன் காய்களைத் திருப்பிக் காட்டிவிட்டு, தூரத்தில் காத்திருக்கும் அம்மாவோடு கிளம்புகிறாள். வர்க்கம், புலம்பெயர்வு, தாய்மை என்று மூன்று கருத்தரங்குக்கான சமாச்சாரம் ஒரு மேசைக்குள் அடங்கிவிடுகிறது, பிரசங்கம் இல்லாமல்.

இப்போது இரண்டாவது கட்சி. தலை எண்ணுவது விமர்சனமல்ல. நிக்குக்கு ஒரு தமிழ் நண்பனைச் சேர்த்து, அவனுக்கு நாலு ஜோக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாகியிருக்குமா? படம் அப்படியேதான் இருந்திருக்கும், நம் வாயை அடைக்க ஒரு லாலிபாப் கிடைத்திருக்கும். ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டிய காட்சி சரியான காட்சிதான். அதில் எனக்கும் சண்டை உண்டு, காரணம்தான் வேறு.

ராத்திரி. ரேச்சலும் தோழி பெயிக் லின்னும் காரில் டையர்சால் பார்க் மாளிகைக்கு வருகிறார்கள். இருட்டிலிருந்து தலைப்பாகை கட்டிய காவலர்கள், கத்தி செருகிய துப்பாக்கியோடு வெளிப்படுகிறார்கள். பெண்கள் இருவரும் அலறுகிறார்கள். தியேட்டர் சிரிக்கிறது. கார் உள்ளே போகிறது, படமும் கூடவே போய்விடுகிறது.

இது ஹாலிவுட்டின் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷார் 1881இல் சிங்கப்பூரில் சீக்கியர்களைக் கொண்டு ஒரு போலீஸ் படையையே அமைத்தார்கள். போலீஸ் வேலை போக, வங்கி வாசலிலும் கிடங்கு வாசலிலும் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் காத்த சீக்கிய ஜாகாக்கள் இந்த ஊர்களின் பழக்கப்பட்ட முகங்கள். சிங்கப்பூர் புக்கிட் பிரவுன் மயானத்தில் பணக்காரச் சீனர்களின் கல்லறை சிலவற்றுக்கு முன்னால் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கின்றன. செத்த பிறகும் முதலாளிக்குக் காவல்! இன்னொன்று, டையர்சால் பார்க்காக நாம் பார்ப்பது சிங்கப்பூரே இல்லை. கோலாலம்பூரின் கார்கோசா செரி நெகாரா. அதில் கார்கோசா, மலாய் ஐக்கிய மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரல் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமுக்காகக் கட்டிய மாளிகை. வெள்ளைக்கார துரையின் வீட்டில் சீனப் பாட்டியைக் குடியேற்றி, வாசலில் அதே பழைய காவலனை நிறுத்தியிருக்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1995, லண்டன். எலினாரின் குடும்பத்துக்கு அறை தர மறுக்கிறது ஓர் ஹோட்டல். அந்த ஹோட்டலையே குடும்பம் வாங்கிவிடுகிறது. நாமும் கைதட்டுகிறோம். வாசலில் நிறுத்தப்படுவதன் அவமானம் என்னவென்று தெரிந்த படம் இது. தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த நினைவு எங்கே போனது? கொழுக்கட்டை பிடிக்கும் காட்சியில் ஒரு குடும்பத்தின் மொத்தப் பரம்பரையையும் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவர்கள், வாசலில் நிற்பவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

லேசான படத்தில் இதற்கெல்லாம் இடமேது என்று கேட்டால், யாஸ்மின் அஹ்மாட்டின் 'செப்பெட்' இருக்கிறது. ஈப்போவில் மலாய்ப் பெண் ஒர்கெட்டும், திருட்டு வீசிடி விற்கும் சீனப் பையன் ஜேசனும் காதலிக்கும் கதை. முடிவு கனமானது, ஆனால் பாதிப் படம் சிரித்துக்கொண்டேதான் போகும். அந்த வீட்டுப் பணிப்பெண் கக் யாம், அடிபா நூர் நடித்தது, முதலாளியம்மாவுக்குச் சரிக்குச் சமமாக வாயடிப்பார். அவரைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். இதற்காகப் படத்தின் வேகம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஹாலிவுட் பட்ஜெட்டும் தேவைப்படவில்லை.

'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' எனக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்கும். மாஜோங் காட்சிக்காகவே நாலு தடவை பார்த்திருக்கிறேன். அதை எடுத்தது ஜார்ஜ் டவுனில், சியோங் ஃபாட் ட்ஸீயின் நீல மாளிகையில். பினாங்கு போனால் எட்டிப் பாருங்கள்.