ஆய்வுக்கூட வானமும் ஸ்ரீரங்கத்து வானமும்

திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் எண் பேருந்தானாலும் சரி, காட்டூர் வழியாகத் துவாக்குடி போகும் பேருந்தானாலும் சரி, பயணிகள் வாகனம் என்றால் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது 2016 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த விதி. ஆட்டோ போன்ற சில வகை வாகனங்களுக்கு விலக்கு உண்டு. கருவியின் தரத்தை ஏஐஎஸ் 140 என்ற வாகனத் தர நெறி வரையறுக்கிறது. ஓடும் வண்டியில் ஒரு பெண் அந்தப் பொத்தானை அழுத்தினால், உதவிக்கு வருபவர்கள் ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிக்குப் போவார்களா, சித்திரை வீதிக்குப் போவார்களா என்பது கருவிக்குள் இருக்கும் ரிசீவரின் கையில் இருக்கிறது. அந்த ரிசீவர் நம்பத்தக்கதா என்று பார்க்க ஆய்வுக்கூடங்கள் கையாளும் முதன்மையான சாதனம் சிமுலேட்டர். வானத்துச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலைப் போலவே செயற்கையாக உண்டாக்கித் தரும் இந்தப் பெட்டி இல்லாமல் எந்தச் சோதனையும் முழுமை பெறாது. ஆனால் அதன் தீர்ப்பையே முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை.

முதலில் அதன் பெருமையைச் சொல்ல வேண்டும். தரையை வந்தடையும் ஜிபிஎஸ் சிக்னலின் வலு, ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்து கிடப்பது. சிமுலேட்டர் ஒவ்வொரு செயற்கைக்கோளும் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, தூரத்துக்கேற்பச் சிக்னலைத் தாமதப்படுத்தி, வேகத்துக்கேற்ப அலைவரிசையை நகர்த்தி, அதே நலிந்த வலுவில் கேபிள் வழியாக ரிசீவருக்கு ஊட்டுகிறது. ஒரு நானோநொடி பிசகினாலே தூரக் கணக்கில் முப்பது சென்டிமீட்டர் தவறும் என்பதால், எத்தனை நுட்பமான வேலை இது என்று புரியும். சிக்னலைப் படிப்படியாகக் குறைத்து ரிசீவர் எந்த இடத்தில் கைவிடுகிறது என்று அளக்க இதைவிட்டால் வழியில்லை. தேதியையும் நாம் விரும்பியபடி வைக்கலாம். ஜிபிஎஸ் தன் வாரங்களை 1,023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படி வந்தபோது நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லாத் தகவல் வலைப்பின்னல் பல நாள் முடங்கியது. சிமுலேட்டரில் தேதியை முன்னே தள்ளி ஓட்டிப் பார்த்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும் கோளாறு அது. அடுத்த சுழற்சி 2038 நவம்பரில் வருகிறது. இன்று விற்கும் கருவியை அந்த நாளுக்கு இன்றே சோதிக்க முடியும். போலிச் சிக்னலுக்கு ரிசீவர் ஏமாறுகிறதா என்பதையும் மூடிய கேபிளுக்குள்தான் பார்க்க வேண்டும். திருச்சி விமான நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் அப்படியொரு சிக்னலை விடுவது குற்றம்.

சிமுலேட்டரின் குறை தொடங்கும் இடம், இருப்பிடம் காட்டும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக். 2013 ஜூலை முதல் 2025 ஜனவரி வரை பதினொரு செயற்கைக்கோள்கள் இதற்காக ஏவப்பட்டன. 2025 ஜூலையில் அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, அவற்றில் இருப்பிடம் காட்டும் பணியில் இருந்தவை நான்கு. நான்கு செய்தி அனுப்ப மட்டும் பயன்பட்டன, ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது, இரண்டு உரிய சுற்றுப்பாதையை எட்டவே இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என நான்கு அறியாதவற்றைக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. அதில் ஒன்று மறைந்தாலும் நாவிக் மட்டும் கொண்டு இடம் சொல்ல இயலாது. சிமுலேட்டரிலோ வடிவமைப்பில் உள்ள ஏழையும் எப்போதும் ஒளிர வைக்கலாம். இன்னும் ஏவாத செயற்கைக்கோளுக்கும் ரிசீவரை ஆயத்தப்படுத்த முடிகிறதே என்று பாராட்டும் அதே திறமைதான், இல்லாத வானத்தில் தேறிய கருவிக்குச் சான்றிதழ் வாங்கித் தரவும் இடம் கொடுக்கிறது.

நம் மண்ணுக்கே உரிய இன்னொரு சிக்கல், வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம். புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா பக்கமாகப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். திருச்சி அதற்குச் சற்றே வடக்கு. சூரியன் மறைந்த பின் இந்த வட்டாரத்து அயனி மண்டலத்தில் பெரும் குமிழிகள் மேலெழுந்து, ஊடுருவி வரும் சிக்னலைத் துடிக்க வைக்கும். பங்குனி, புரட்டாசியை ஒட்டிய மாலைகளில், அதிலும் சூரியச் செயல்பாடு உச்சத்தில் உள்ள ஆண்டுகளில் இது கடுமை. ஜிபிஎஸ் தன் எட்டு எண்களைக் கொண்டு ஒலிபரப்பும் க்ளோபுச்சார் திருத்தம் அயனி மண்டலப் பிழையில் சுமார் பாதியைத்தான் நீக்கும். சிமுலேட்டரிலும் அதே க்ளோபுச்சார் சூத்திரத்தால் பிழையை உண்டாக்கினால், ரிசீவர் அதைத் துளி மிச்சமில்லாமல் கழித்துவிடும். கேள்வியோடு விடையையும் கொடுத்து எழுத வைத்த தேர்வு அது.

கட்டடங்கள் விஷயமும் அப்படியே. நாவிக் வடிவமைப்பில் கிழக்குத் தீர்க்கரேகை 32.5 டிகிரியில் ஒரு நிலையான செயற்கைக்கோளுக்கு இடம் உண்டு. ஸ்ரீரங்கத்துக்கு அது மேற்கே, தெற்கு நோக்கிச் சற்று ஒதுங்கி, ஏறத்தாழ 36 டிகிரி உயரத்தில் அமையும். ஸ்ரீரங்கம் கோயிலின் 236 அடி ராஜகோபுரம் அந்தக் கோணத்தில் வீழ்த்தும் சிக்னல் நிழல் நூறு மீட்டர் அளவுக்கு நீளும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நகர்வதால் அவற்றின் நிழலும் நகரும். நிலையான செயற்கைக்கோளின் நிழலோ இரவும் பகலும் அங்கேயே கிடக்கும். போதாக்குறைக்கு, கேபிள் வழிச் சோதனையில் ஆன்டெனாவுக்கு வேலையே இல்லை. பேருந்தில் டேஷ்போர்டுக்கு அடியிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ அதைச் செருகி வைத்தால், ஆய்வுக்கூடத்தில் அளந்த உணர்திறனில் எவ்வளவு மிஞ்சும்?

ஒரே சோதனையை எத்தனை தடவை செய்தாலும் அதே நிலைமை கிடைக்க வேண்டும், இரண்டு நிறுவனங்களின் கருவிகளை அப்போதுதான் நியாயமாக ஒப்பிட முடியும், தெருவில் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் வேறு விடை வரும் என்பது பொறியாளர்களின் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் அதற்கு விடையும் இந்தத் துறைக்குள்ளேயே இருக்கிறது. தெருவில் வரும் சிக்னலை அப்படியே பதிவுசெய்து, ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டும் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. பதிவும் எல்லாக் கருவிக்கும் ஒரே வினாத்தாள்தான். பதிவில் ஒவ்வொரு செயற்கைக்கோளின் வலுவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கவோ தேதியை மாற்றவோ முடியாது, பதிவெடுத்த ஆன்டெனாவின் குணமும் அதில் ஒட்டியிருக்கும் என்பது உண்மை. அதனால்தான் சிமுலேட்டரைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. எல்லையை அது அளக்கட்டும், வட்டாரத்தைப் பதிவு அளக்கட்டும் என்கிறேன்.

செலவு கூடும், சிறு உற்பத்தியாளர் தாங்கமாட்டார் என்ற கவலைக்கும் மதிப்பளிக்க வேண்டும். பதிவை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எடுக்கத் தேவையில்லை; பொதுச் சொத்தாக ஒருமுறை எடுத்து எல்லாருக்கும் தரலாம். துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. காட்டூர் கடைத்தெரு நெரிசல், காவிரிப் பாலத்தின் திறந்தவெளி, ராஜகோபுரத்தை ஒட்டிய வீதிகள் ஆகியவற்றில் ஒரு பேருந்தின் கூரைக்கு உள்ளேயும் வெளியேயும் ஆன்டெனா வைத்து, துல்லியமான ஒப்பீட்டுக் கருவியும் சேர்த்து, நண்பகலிலும் இரவு எட்டு மணிக்கும், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பதிவெடுக்க அந்தக் கழகத்தால் இயலும். நாவிக்கில் ஒரு செயற்கைக்கோள் பழுதானாலோ புதிதாக ஒன்று சேர்ந்தாலோ பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழில், எத்தனை செயற்கைக்கோள்களை வைத்து, எந்த அயனி மண்டலச் சூத்திரத்தோடு, ஆன்டெனாவுடனா இல்லாமலா சோதித்தார்கள் என்ற மூன்று விவரங்களை அச்சிடுவதற்குக் கூடுதல் செலவே இல்லை. அதை ஏஐஎஸ் 140இன் அடுத்த திருத்தத்திலேயே சேர்த்துவிடலாம்.