நோட்டுகளின் பூர்வீகம்

நவராத்திரி சமயத்தில் அஸ்தினாபுரம், ராதா நகர், செம்பாக்கம் பக்கம் கொலு வைத்த வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் வயலின் கற்கும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சேர்ந்து வாசிப்பதைக் கேட்கலாம். கீர்த்தனைக்குப் போகுமுன் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு நோட்டு. 'சியாமளே மீனாக்ஷி', 'வந்தே மீனாக்ஷி', 'சக்தி சஹித கணபதிம்'. சின்னப் பிள்ளைகளுக்கான சின்ன உருப்படி என்று பெரியவர்கள் சிரித்துக் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த உருப்படிகளுக்கு நாம் காட்டும் மரியாதை போதாது என்பது என் எண்ணம். தென்னாட்டில் வயலின் காலூன்றிய வரலாறே இவற்றுக்குள் இருக்கிறது.

திருவாரூரிலிருந்து ராமஸ்வாமி தீக்ஷிதர் தம் பிள்ளைகளோடு சென்னைக்கு வடக்கேயுள்ள மணலிக்கு வந்தார். ஆதரித்தவர் முத்துக்கிருஷ்ண முதலியார். அவருடைய மகன் சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷி. அந்தத் தொடர்பால் தீக்ஷிதர் குடும்பத்துக்கு ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. இளையவரான பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் மூன்று ஆண்டுகள் பிடில் பயின்றார் என்று அக்குடும்பத்தின் வழிவந்த சுப்பராம தீக்ஷிதர் எழுதி வைத்திருக்கிறார். அண்ணன் முத்துஸ்வாமி தீக்ஷிதரோ, காதில் விழுந்த மெட்டுகளுக்கு சங்கராபரண ஸ்வரங்களில் சம்ஸ்கிருத சாஹித்யம் அமைத்தார். இன்று நோட்டுஸ்வர சாஹித்யம் என்ற பெயரில் சுமார் நாற்பது வழங்குகின்றன.

அந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தவை? 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் ராஜ வாழ்த்தான 'காட் சேவ் த கிங்'. 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ ஊரின் பெயர் தாங்கிய 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற நடன மெட்டு. 'ஜகதீச குருகுஹ' ஸ்காட்லாந்தின் 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்'. 'சியாமளே மீனாக்ஷி'யை எல்.கே.ஜி. பிள்ளைகூட 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று கண்டுபிடித்துவிடும். அது பழைய பிரெஞ்சுப் பாட்டு. 'பீதவர்ணம் பஜே' மட்டும் வேறு வழியில் வந்தது. அதன் மூலம் 'தாஜா ப தாஜா' என்ற பாரசீகப் பாட்டு.

இவற்றில் பலவற்றுக்கு இயற்றியவர் பெயர் கிடையாது. கிராமத்து நடனத்துக்கு ஒருவர் பிடிலில் வாசிப்பார். பக்கத்து ஊர்க்காரர் காதால் வாங்கித் தம் வழக்கப்படி திருப்பி வாசிப்பார். பட்டாளத்துக்குப் போன பையனோடு மெட்டும் கப்பல் ஏறியது. ஏட்டில் ஏறியது பிந்தித்தான். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓநீல் என்ற அயர்லாந்துக்காரர் 1903-ல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 1,850 மெட்டுகள் உண்டு. நம் பல்லாவரமும் பரங்கிமலையும் கம்பெனி காலத்திலிருந்தே கன்டோன்மென்ட் பகுதிகள். அஸ்தினாபுரத்துப் பிள்ளை இன்று வாசிக்கும் மெட்டைச் சில மைல் தள்ளி அன்றைக்கு ஒரு சிப்பாய் வாசித்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

தீக்ஷிதர் வீட்டோடு வயலின் நிற்கவில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் சீடரான தஞ்சை வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தந்த வயலின் பரிசு புகழ்பெற்றது. கருவியை மடியருகே இறக்கி, அதன் தலையை வலது பாதத்தில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்ததுதான் பெரிய மாற்றம். தாங்கும் வேலை போனதும் இடது கை கமகத்துக்கு விடுதலை பெற்றது. அதன்பின் பாணிகள் கிளைத்தன. துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடுவின் நீண்ட வில், தெளிந்த நாதம். ஏழு தந்தி கட்டிய மைசூர் சௌடையாவின் கம்பீரம். பரூர் சுந்தரம் ஐயரும் அவர் மகன் எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனும் வளர்த்த விரல் வேகம். டி.என்.கிருஷ்ணனின் அலட்டாத சௌக்கியம். லால்குடி ஜெயராமனின் வில்லில் சாஹித்யத்தின் சொல் எங்கே பிரிகிறது என்பதுகூடத் தெரியும். இது எல்லாருக்கும் தெரிந்த பட்டியல்தான், நீட்டவில்லை.

குழு வாசிப்புக்கு வரும்போதுதான் சிக்கல். தோடியின் காந்தாரத்தை இரண்டு பாணிக்காரர்கள் ஒன்றாக அசைக்க மாட்டார்கள். பத்துப் பேர் பத்துவிதமாக அசைத்தால் ராகம் கலங்கிவிடும். அயர்லாந்துக் கூட்டு வாசிப்பில் எல்லாரும் ஒரே மெட்டை வாசிப்பார்கள். சின்னச் சின்ன அலங்காரம் அவரவர் விருப்பம். மெட்டின் எலும்பு நேர் ஸ்வரங்களில் இருப்பதால் அது தாங்கும். நமக்கு கமகமே எலும்பு. நோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் குழுவுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டை மதுரை மணி ஐயர் பாடி ஊரெங்கும் பரப்பியதற்கும் அந்த நேர் ஸ்வரத் துள்ளல்தான் காரணம்.

சென்னையில் இன்னொரு பள்ளியும் உண்டு. மலர்களில் அதை யாரும் எழுதுவதில்லை. சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களின் வயலின் வரிசை. ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பவர்கள். அத்தனை வில்லும் ஒரே திசையில் போகும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு 1986-ல் வந்தது. அதில் வி.எஸ்.நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்களுக்கு இந்தப் பள்ளியின் தரம் புரியும். கச்சேரி மேடையிலோ ஏ.கன்யாகுமரி பல வயலின்களைச் சேர்த்து கமகம் குலையாமல் வாசிக்க வைத்துக் காட்டியிருக்கிறார். 2016-ல் அவர் சங்கீத கலாநிதி ஆனார்.

குழுவுக்கு என்ன அளவுகோல் வைக்கலாம்? முதலாவது ஸ்ருதி. மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு தந்தி சேர்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அடுத்தது வில். எந்த இடத்தில் ஏறு, எந்த இடத்தில் இறங்கு என்று ஆசிரியர் முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட்டால் பாதிக் கசகசப்பு போய்விடும். கமகத்தை எல்லாரும் வாயால் பாடி ஒத்துக்கொண்ட பிறகே வில்லைத் தொடட்டும். நோட்டு என்றால் காலம் இழுபடவே கூடாது. 'வந்தே மீனாக்ஷி'யை விளம்பத்தில் பக்தி சொட்ட வாசிப்பதைப் பலமுறை கேட்டு வருந்தியிருக்கிறேன். கால் ஆடுவதற்காகப் பிறந்த மெட்டு அது. அந்தத் துள்ளலோடு மீனாக்ஷியைப் பாடலாம் என்று தீக்ஷிதரே காட்டிய பிறகு நமக்கு என்ன தயக்கம்?

இந்தப் பகுதியில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நோட்டை ஆரம்பிக்குமுன் அதன் மூல மெட்டைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். பெயரையும் ஊரையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வரும் நவராத்திரியில் வாசிக்கும்போது, சபையோருக்கும் அதைப் பிள்ளைகளே எழுந்து அறிவிக்கட்டும்.