நாசரேத்து ஊரவர் வினா

தம் ஊரில் மதிப்புப் பெறாத தூதரைப் பற்றிய செய்தி நற்செய்தி நூல்கள் நான்கினும் காணப்படுகின்றது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் அதனை நிகழ்ச்சியாக விரித்துரைக்கின்றனர். யோவான் இயேசு பெருமான் கூற்றாகக் குறித்த அளவில் அமைகின்றார். ‘உள்ளூர் மாடு விலைபோகாது’ என்னும் நம் பழமொழிக்கு இந்நிகழ்ச்சியை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வார் உளர். அவ்வளவில் நின்றுவிடின், மாற்குவின் கதைப்போக்கு உணர்த்தும் ஆழ்ந்த கருத்துப் புலப்படாது போகும். அக்கருத்து யாதென ஈண்டுக் காண்போம்.

மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளன்று தொழுகைக்கூடத்தில் பெருமான் கற்பிக்கின்றார். கேட்டோர் வியக்கின்றனர். இவ்வறிவு இவருக்கு எங்கிருந்து வந்தது என்பது அவர்தம் முதல் வினா. இது நல்ல வினா. சொல்லின் மூலத்தை நாடும் வினா. ஆயின் அதற்கு விடை காணுமுன்பே வேறு வினாக்கள் தொடர்கின்றன. இவர் தச்சர் அல்லரோ? மரியாளின் மகன் அல்லரோ? யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்பாரோடு பிறந்தவர் அல்லரோ? இவர்தம் சகோதரியரும் நம்மிடையே வாழ்கின்றனர் அல்லரோ?

இப்பட்டியலில் ஊரார் புனைந்துரைத்த செய்தி ஒன்றும் இல்லை என்பது நோக்கத்தக்கது. தொழிலும் தாய் பெயரும் உறவும் அவர்கள் நன்கறிந்தவையே. எனினும் அவற்றுள் ஒன்றேனும் முதல் வினாவிற்கு விடையாகவில்லை, அவ்வினாவை அவித்துவிட்டன. எனவே, நாசரேத்தார் அறியாமையால் புறக்கணித்தாரல்லர். தாம் அறிந்ததே போதும் என்னும் மனநிறைவால் புறக்கணித்தனர் எனலாம்.

மற்றை இருவர் நூல்களோடு ஒப்பிடின் இது மேலும் தெளிவாகும். மாற்கு நற்செய்தியே காலத்தால் முந்தியது என்பது ஆய்வாளர் பலர் துணிபு. அதில் ‘தச்சர்’ என நின்றது மத்தேயுவில் ‘தச்சன் மகன்’ என மாறுகின்றது. பிணியாளர் சிலரைக் குணப்படுத்தியதன்றி வேறு வல்ல செயல் எதனையும் அங்குச் செய்ய இயலவில்லை என்பது மாற்குவின் கூற்று. பல செய்யவில்லை என்று மத்தேயு மென்மையாக்குகின்றார். லூக்காவிலோ மக்கள் முதலில் நற்சான்று அளிக்கின்றனர். சாறிபாத்து ஊர்க் கைம்பெண்ணும் சீரியனாகிய நாகமானும் இறையருள் பெற்றதைப் பெருமான் எடுத்துக்காட்டிய பின்னரே சினம் மூள்கின்றது. அருள் அயலார்க்குச் செல்வதைப் பொறாமையே அங்குக் காரணம். பழகிய முகமே தடையாதல் மாற்குவில்தான் கூர்மை பெறுகின்றது.

ஊர், சுற்றம், இல்லம் என மூன்றனையும் மாற்கு ஒருவரே அடுக்கிக் கூறுகின்றார். மத்தேயு சுற்றத்தை விடுத்தார். லூக்கா ஊரொன்றையே கூறினார். மாற்குவின் அடுக்கு வெறும் அணிநயம் எனக் கருதுவார்க்கு, அவர் நூலின் 3ஆம் அதிகாரமே மறுப்பாகும். அங்குப் பெருமான் மதிமயங்கினார் எனக் கருதி, உற்றாரே அவரைப் பிடித்துக்கொண்டு செல்ல வருகின்றனர். சகோதரர் என்னும் சொல்லுக்குத் திருச்சபைகள் வெவ்வேறு பொருள் கொள்ளும். எப்பொருள் கொள்ளினும், நெருங்கிய சுற்றம் என்பதில் ஐயமில்லை.

நாசரேத்தார் இகழ்ச்சிக்குக் கருவியாக்கிய தச்சுத்தொழில், தமிழில் ஒரு காப்பியத்தின் தலைவனுக்கு உரியதாயிற்று. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, சூசையாகிய வளனைத் தலைவனாகக் கொண்டு 3 காண்டங்களும் 36 படலங்களும் உடையதாய் விளங்குகின்றது. ஆயினும் தன்னேரில்லாத் தலைவனை வேண்டும் காப்பிய மரபிற்கேற்ப, அவனது தாவீது அரச மரபு அதில் சிறப்பிக்கப்படுகின்றது. மாற்கு இவ்வழியை மேற்கொள்ளவில்லை. இவ்விடத்தில் அவர் தச்சரைத் தச்சராகவே நிறுத்துகின்றார். குடிப்பெருமை காட்டிச் சொல்லுக்கு மதிப்புத் தேடுதல் அவர் கருத்தன்று. காப்பியம் நாசரேத்தார்க்கு விடை கூறுகின்றது. மாற்குவோ வினாவை விடையின்றியே விடுகின்றார்.

நிகழ்ச்சியின் முடிவும் கருதத்தக்கது. தொடக்கத்தில் ஊரார் வியந்தனர். இறுதியில் அவர்தம் நம்பிக்கையின்மை கண்டு பெருமான் வியக்கின்றார். வியப்பு இடம் மாறுகின்றது. ஊரார் அதனை இழந்துவிட்டனர். எனினும் சுற்றத்தாரின் புறக்கணிப்பு இறுதியானதன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் தாயும் சகோதரரும் சீடரோடு ஒருங்கிருந்து வேண்டுகின்றனர். கலாத்தியர்க்கு எழுதிய மடலில், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபை எருசலேமில் கண்டதாகப் பவுல் குறிக்கின்றார். அவர் திருச்சபைத் தூண்களுள் ஒருவராக மதிக்கப்பட்டமையும் அம்மடலாலேயே அறியப்படும்.

கிறித்தவ இல்லங்களில் இப்பகுதியைப் படிப்போர் தம்மை நாசரேத்தாரின் வேறாக எண்ணுதல் இயல்பு. ஆயின் பிறந்த நாள் தொட்டு இச்செய்தியைக் கேட்டு வளர்ந்தோரே இன்று அதனோடு மிகப் பழகியவர். பெயர்களும் நிகழ்ச்சிகளும் அவர்க்கு மனப்பாடம். படிக்கத் தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிடுகின்றது. அந்நிலையில் திருமறையே பழகிய தூதராகின்றது. ஆதலின் மாற்கு விடையின்றி விட்ட அம்முதல் வினா, நம்பாதாரினும் நம்பி வாழும் குடும்பத்தாரையே முதற்கண் நோக்கி நிற்கின்றது என்பது போதரும்.