ஏழடியும் ஒரு சொல்லும்

1984 ஜூன் மாதம் திருத்தணியில் ஒருவர் இரண்டாம் முறையாக மணவறை ஏறினார். 1970-இல் அவர் கைப்பிடித்த மனைவி உயிரோடு இருந்தார். பிள்ளைகளும் இருந்தார்கள். மணமுறிவு ஆகவில்லை. திருத்தணியில் புரோகிதர் வந்திருந்தார், தாலி கட்டப்பட்டது, உறவினர் பார்த்திருந்தார்கள். முதல் மனைவி இருதார மணக் குற்றம் சாட்டி நீதிமன்றம் போனார். விசாரணை நீதிமன்றம் கணவரை விடுவித்தது. அக்கினி முன் ஏழடி வைத்ததற்குச் சான்று இல்லையாம். ஏழடி இல்லாததால் அது திருமணமே இல்லை, திருமணம் இல்லாததால் குற்றமும் இல்லை!

இந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2001 ஆயிற்று. திருவள்ளூர் மாவட்டத்துத் திருமண மரபுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, என் மனத்தில் முதலில் வந்து நின்றவர் பதினேழு ஆண்டு காத்திருந்த அந்தப் பெண்தான்.

திருமணம் எதனால் திருமணம் ஆகிறது? இந்தக் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடை தொல்காப்பியக் கற்பியலில் இருக்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியோர் கரணத்தை, அதாவது சடங்கை, வகுத்தார்கள் என்கிறது அது. இதைவிடத் தெளிவான சட்டக் காரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஊரறியக் கூடியவளை நாளை ஒருவன் ‘எனக்குத் தெரியாது’ என்று கைவிடாதிருக்கவே சடங்கு. அகநானூற்றின் இரண்டு பாடல்கள் காட்டும் திருமணத்தில் பந்தலும் மணலும் உண்டு, நல்ல நாள் உண்டு, மணமகளை நீராட்டி வாழ்த்தும் மகப்பெற்ற மகளிர் உண்டு. தீ வலம் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது முதிய அந்தணரும் தீவலமும் வந்துவிடுகின்றன. இரண்டும் தமிழர் திருமணமே. அளவுகோல்தான் மாறியது.

பிற்கால நூலோர் இந்து சட்டத்தை இரு பெரும் நெறிகளாகப் பிரித்தார்கள். விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம், ஜீமூதவாகனரின் தாயபாகம். முன்னதில் மகன் பிறந்த அன்றே குடும்பச் சொத்தில் பங்காளி. பின்னதில் தந்தை கண்மூடிய பிறகே மகனுக்கு உரிமை. வங்கத்துக்குத் தாயபாகம், நமக்கு மிதாட்சரம். நம் பக்கத்தில் தேவண்ண பட்டரின் ஸ்மிருதி சந்திரிகைக்குத் தனி மதிப்பு. 1868-இல் இராமநாதபுரம் தத்து வழக்கில் பிரிவி கவுன்சில், ஏட்டு விதியைவிட மெய்ப்பிக்கப்பட்ட வழக்கமே வலிது என்று தீர்த்தது. ஆனாலும் நீதிமன்றங்களில் ஏட்டின் கையே ஓங்கியிருந்தது. வடமொழி நூலே அறியாத குடிகள்மீது அந்த நூல்களைச் சுமத்துகிறோமே என்று நெல்சன் என்ற ஆங்கிலேய நீதிபதி 1870-களிலேயே எழுதினார். அவர் சொன்னதை அன்று பெரிதாகக் கேட்டவர் இல்லை.

கேட்க வைத்தது சுயமரியாதை இயக்கம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சம சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் விதவை மறுமணமும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தன. புரோகிதர் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் மணந்தார்கள். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மணம் செல்லாது என்றது. சாட்சிகளுக்கு முன் மணந்து பேரன் பேத்தி கண்ட பெண்களின் மனைவி என்ற நிலையே கேள்விக்குறியானது.

அதைச் சரிசெய்தது அண்ணா அரசின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இந்த ‘அல்லது’தான் பிரிவின் உயிர். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் இதனால் செல்லுபடியாயின.

திருத்தணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கைக்கொண்டதும் இந்தப் பிரிவைத்தான். தமிழ்நாட்டில் தாலி கட்டியதே திருமணம், ஏழடி கட்டாயமில்லை, ஆகவே குற்றம் குற்றமே என்றது. புரோகிதரை வேண்டாதவர்களுக்காக வந்த சட்டம், புரோகிதரை வைத்து மணந்து தப்பப் பார்த்தவரைப் பிடித்தது. பொய்யைத் தடுக்க வகுத்த கரணம் பொய்க்கே அரணாகிக் கிடந்தது. 7ஏ அதைப் பழைய வேலைக்குத் திருப்பியது என்றே நான் கொள்கிறேன்.

சொத்துக்கு வருவோம். மகளையும் கூட்டுக்குடும்பப் பங்காளியாக்கும் திருத்தம் ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதலும், தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலும் நடைமுறைக்கு வந்தது. அந்தந்த நாளுக்கு முன் மணமானவர்களுக்குப் பங்கு இல்லை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம், அதையும் தாண்டினால் ஆந்திரத்துத் தடா. 1987-இல் மணமான தடாப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பங்கு இருந்தது. அதே ஆண்டு மணமான ஆரம்பாக்கத்துப் பெண்ணுக்கு இல்லை. நடுவே ஒரு எல்லைக்கோடு மட்டுமே. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டை வந்து நிலத்தின் விலை ஏறிய ஊர்களில், ‘சீர் செய்தாயிற்றே, பங்கு எதற்கு?’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பேருந்து ஏறும் அக்கா தங்கைகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழரிடையே யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு நெறி உண்டு: தேசவழமை. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர் 1707-இல் அதைத் தொகுத்தார்கள். சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று அது மூன்றாகப் பிரிக்கும். அதில் சீதனம் மகளின் சொத்து. நம் ஊர் வரதட்சணையோடு அதைக் குழப்பக் கூடாது. பழவேற்காட்டு இஸ்லாமியரின் நிக்காஹ்வோ தொடக்கத்திலிருந்தே ஒப்பந்தம்: கேட்டல், ஏற்றல், சாட்சிகள், பெண்ணுக்கு மஹர்.

7ஏ பிரிவுக்கும் பிறகு ஒரு சோதனை வந்தது. ஊரறிய நடக்காத சுயமரியாதைத் திருமணம், வழக்கறிஞர் அறையில் நடந்தால் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவரும் இருவரிடம் ஊரைக் கூட்டச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லா மதத்தாரும் திருமணத்தைப் பதிய வேண்டும். 90 நாள் கெடு. ஆனால் சடங்கு எதுவும் நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அது இந்து திருமணம் ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஷிப்டு முடிந்து நேரே பதிவு அலுவலகம் வரும் சிப்காட் இளைஞர்களே, முதலில் நாலு பேர் முன்னிலையில் மாலையை மாற்றிக்கொள்ளுங்கள். பார்த்தவர்களின் பெயரையும் முகவரியையும் குறித்து வையுங்கள். படிவத்தை அதன் பிறகு நிரப்புங்கள்.