பேர் வெட்டாத பாத்திரங்கள்

வெள்ளக்கடை என்ற மலையூரை விட்டு இறங்கினால் சேலம். அங்கே கஞ்சமலை அடிவாரத்தில் 1981 முதல் ஓடும் உருக்காலையின் தகடு எத்தனையோ வீடுகளில் குடமும் தூக்குமாகியிருக்கிறது. எவர்சில்வர் அண்டாவைத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே புள்ளிபுள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும்: கொடுத்தவர், ஊர், தேதி. அது கல்யாணச் சீராக வந்திருக்கலாம், வாடிவாசலில் மாடு பிடித்து வென்றதாகவும் இருக்கலாம். சோறு பொங்கிய நாள் குறைவு. பரணில் இருந்தபடி ஓர் ஆணின் மதிப்பை ஊருக்குச் சொன்ன நாள்தான் அதிகம். பீகாரின் ககோலில் 1964-இல் பிறந்த சுபோத் குப்தா பாத்திரங்களைக் கோத்துச் செய்யும் சிற்பங்களை இந்தப் பரணிலிருந்து பார்க்க வேண்டும் என்பேன். அவற்றை ‘இந்தியச் சமையலறை’ என்று சொல்லி நிறுத்துவது பாதிப் பார்வை.

2006-இல் அவர் செய்த ‘மிகப் பசித்த கடவுள்’ பாத்திரங்களாலேயே ஆன ராட்சத மண்டையோடு. தூரத்தில் நின்றால் சாவு. நெருங்கினால் பாத்திரக் கடை. ஒவ்வொரு வளைவிலும் பார்ப்பவர் முகம் கோணலாகத் தெரியும். அத்தனையும் காலி, ஒன்றிலும் பேர் இல்லை. யார் கொடுத்தது, யார் ஜெயித்தது என்ற கணக்கு அழிந்து, சேர்த்த குவியல் மட்டும் பல்லைக் காட்டுகிறது. போட்டி போட்டுச் சேர்க்கும் ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான முகம் எனக்குத் தெரியவில்லை.

பாத்திரம் பெண்ணின் உலகமாயிற்றே, இதில் ஆண்மை எங்கே என்று கேட்கலாம். புழங்குவதும் தேய்ப்பதும் அவள்தான். ஆனால் சபையில் பரப்பி எண்ணும்போது அது மாப்பிள்ளை வீட்டுக் கௌரவமாகிவிடுகிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: பணத்தாசையைக் காட்டிய சிற்பமே பிரெஞ்சுக் கோடீஸ்வரர் பினோவின் சேகரிப்புக்குப் போய், 2007-இல் வெனிஸில் அவருடைய பலாஸ்ஸோ கிராஸி மாளிகை முன்னால் நின்றது. இதை நான் மறுக்கமாட்டேன். பாரிஸில் புனித பெர்னார்ட் தேவாலயத்தில் முதலில் அதை வைத்தபோது, வந்தவர்களுக்கு சூப் ஊற்றிக் கொடுத்தார்கள். 1996-இல் குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் தஞ்சம் புகுந்த கோயில் அது. பசிக்கும் குவியலுக்கும் நடுவே அங்கே ஒரு கரண்டி இருந்தது. வெனிஸில் அது இல்லை. சிற்பம் அந்த அளவுக்கு இளைத்துத்தான் போனது. ஆனாலும் வாங்கியவர் முகமும் அதே வளைவுகளில் கோணலாகத்தானே விழும்?

பணம் தேடிப் போன ஆண்களை குப்தா நேராகவே தொட்ட படைப்பு 2004-இல் வந்தது: ‘எல்லாம் உள்ளே இருக்கிறது’. தரையில் பாதி புதைந்த டாக்சி, அதன் தலைமேல் கயிறு கட்டிய மூட்டைகள். கார் நிஜம், மூட்டைகள் வெண்கல வார்ப்பு. இத்தனை வருஷம் உழைத்துக் கொண்டுவந்ததை அவிழ்த்துக் காட்ட முடியாது.