எம்.டி.கால்க்: கணிப்பது யார்?

மருத்துவ மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும் செயலிகளுள் ஒன்று எம்.டி.கால்க். 2005இல் இணையதளமாகத் தோன்றிய இது, நோய்க் கணிப்புக்கான சூத்திரங்களை இலவசமாகத் தருகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை அறிய வேண்டுமா? வயது, பாலினம், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும், நொடியில் விடை.

ஆனால் கனடா மருத்துவர் வெல்ஸ் வகுத்த மதிப்பெண்ணைத் திறந்து பாருங்கள். நுரையீரலின் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கக் கூடுமா என்பதைக் கணிக்க ஏழு கேள்விகள். நாடி நிமிடத்திற்கு 100க்கு மேல் என்றால் 1.5, இருமலில் இரத்தம் என்றால் 1. இன்னொரு கேள்வி, இந்த அடைப்புதான் உங்களுடைய முதல் சந்தேகமா என்பது. 'ஆம்' என்றால் 3. மொத்தமே 12.5தான்! எதை அறியச் செயலியைத் திறந்தீர்களோ, அதையே அது உங்களிடம் கேட்கிறது.

நோயாளியின் நாடி 110. வேறு அறிகுறி இல்லை என்று கொள்வோம். 'ஆம்' என்றால் 4.5, 'இல்லை' என்றால் 1.5. நான்கைத் தாண்டினால் நேரே சி.டி. படம், தாண்டாவிட்டால் முதலில் டி-டைமர் என்னும் இரத்தப் பரிசோதனை. ஒரே நோயாளி, இரு வழிகள்!

சூத்திரத்தை எப்போது பயன்படுத்தலாம், எங்கே வழுக்கும் என்ற குறிப்புகளும் செயலியிலேயே உள்ளன. என் கருத்தில் அதன் சிறந்த பகுதி அதுவே. எண்ணைக் கண்டதும் மூடிவிடுபவருக்கு அது கண்ணில் படுவதில்லை.